மானியமும் மானமும்

எங்கள் சின்னய்யாவிடம் ஒரு அட்டை இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் கொடுத்தது. போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, பெயரோடு கலையின் பெயரும் போட்டிருக்கும்: தப்பாட்டம். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வயதில்தான் முதல் முறையாக ஒரு அரசாங்கத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'கலைஞர்' என்ற சொல் வந்தது. அன்றைக்கு அவரைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய தெருவில் ஒரு சாவு. விடியற்காலையில் இரண்டு பேர் வந்து எங்கள் தெரு முனையில் நின்று கூப்பிட்டார்கள்.

"பெரியவரு தவறிட்டாருப்பா. காய்ச்சிக்கிட்டு வந்துரு."

"இல்லைங்க. இனிமே போக வேணாம்னு பய சொல்லிட்டான். எனக்கும் முழங்கால் முடியல."

வந்த இரண்டு பேரில் இளையவன், சின்னய்யாவுக்குப் பேரன் வயசு இருக்கும், சொன்னான்: "போன மாசம் கவர்மெண்டு விழாவுல அடிச்சேல்ல? அங்க வலிக்காத காலு இங்க வலிக்குதாக்கும்? தப்படிக்கிறவன்னு கவர்மெண்டே ஒனக்குக் கார்டு குடுத்துருக்கு. அப்புறம் என்ன?"

சின்னய்யா போகவில்லை. அவர்கள் டவுனிலிருந்து பேண்டு செட்டு வைத்துக்கொண்டார்கள். அந்தப் போகம் முழுக்க எங்கள் சின்னாத்தாளைக் களையெடுக்க யாரும் கூப்பிடவில்லை. அடிதடி இல்லை, வழக்கு இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கிராமத்தில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

அந்தப் பையன் கேட்ட "அப்புறம் என்ன?" என்பதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். கௌரவம் என்று நான் வாங்கிக் கொடுத்த அட்டையை அவன் கட்டளை என்று வாசித்துவிட்டான். அவன் வாசித்தது தவறா, அட்டையிலேயே அப்படி வாசிக்க இடம் இருக்கிறதா? அரசாங்கம் எங்கள் கலைக்குக் கொடுக்கும் பணம் என்ன வகைப் பணம்? உதவியா, கூலியா, பரிசா, பழைய கடனைத் தீர்ப்பதா? பெயர் எதுவானால் என்ன, காசு வந்தால் போதும் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். போதாது. பணத்துக்கு என்ன பெயரோ, வாங்குகிறவனுக்கும் ஊர் அந்தப் பெயரைத்தான் வைக்கும்.

செட்டிநாடு கலையை வாழ வைத்த பூமி என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பொய்யில்லை. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் வருஷா வருஷம் விழா நடக்கிறது. கம்பன் சமாதி என்று சொல்லப்படுவதும் நம் சிவகங்கை மாவட்டத்தில் நாட்டரசன்கோட்டையில்தான் இருக்கிறது. தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் காரைக்குடி. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1941இல் தமிழிசை மாநாடு கூட்டினார், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார். அழகப்பச் செட்டியார் கல்லூரிகளுக்கு அள்ளிக் கொடுத்ததால் எங்கள் சேரிகளிலிருந்தும் முதல் தலைமுறை பட்டதாரிகள் வந்தார்கள். இதையெல்லாம் மறுக்கிற நன்றிகெட்டதனம் எனக்கு வேண்டாம்.

ஆனால் தமிழிசை இயக்கம் கேட்டது எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வியை. யார் வாசிப்பது, எந்தத் தோல் மேடை ஏறுவது என்ற கேள்வி அதற்குள் வரவில்லை. தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் கருப்பொருளை எண்ணும்போது யாழோடு பறையையும் எண்ணுகிறது. எம்.ஏ. வகுப்பில் அந்தச் சூத்திரத்தை நடத்திய பேராசிரியர் ஏறுகோட்பறை, மீன்கோட்பறை என்று உரைகாரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். அதே பறை பக்கத்து ஊரில் யார் கையில் இருக்கிறது, அந்தக் கை எந்த டீக்கடையில் எந்தக் கிளாசில் குடித்தது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இலக்கியத்தில் இருந்தால் பறை. எங்கள் வீட்டில் இருந்தால் தப்பு.

தனவந்தர் தன் காசைத் தனக்குப் பிடித்த கலைக்குக் கொடுக்கலாம். அது அவர் இஷ்டம். அரசாங்கத்துக்கு அந்த இஷ்டம் கிடையாது. அது எல்லார் காசும் சேர்ந்த காசு. சின்னாத்தா வாங்குகிற சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. ஆகவே பொதுப் பணம் எங்கே போகிறது என்று கேட்பது பிச்சைக்காரன் கேள்வி ஆகாது. பங்காளி கேட்கிற கேள்வி அது.

எங்கே போகிறது? சில கணக்குகள் மட்டும். கீழடி அருங்காட்சியகம் நம் மாவட்டத்தில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கட்டட அமைப்பு செட்டிநாட்டுப் பாணி. பக்கத்து மதுரை மாவட்டத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்கள், அறுபது கோடிக்கு மேல். கீழடி வேண்டும், நானும் போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இனி இந்தப் பக்கம். கிராமியக் கலைஞர் ஐந்நூறு பேருக்கு ஆடையும் இசைக்கருவியும் வாங்க, ஆளுக்குப் பத்தாயிரம். மொத்தம் ஐம்பது லட்சம், தமிழ்நாடு முழுமைக்கும். நலிந்த கலைஞர் என்று தேர்வானால் மாதம் 3000. 2007இல் அமைந்த நல வாரியத்தில் உறுப்பினரானால் பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்கு, மூக்குக் கண்ணாடிக்கு உதவி. ஈமச் சடங்குக்கும் உண்டு. ஊரார் பிணத்துக்கெல்லாம் முன்னால் நடந்தவன் பிணத்துக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது. கொடுக்கட்டும்.

தொகையின் அளவைப் பற்றி மட்டும் நான் சண்டை போட வரவில்லை. வகையைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கும் அரங்கத்துக்கும் கொடுப்பது முதலீடு. எங்களுக்குக் கொடுப்பது நிவாரணம். 'நலிந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். நலிந்து காட்டினால்தான் கலைஞன்.

சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இப்படிப் பதினேழு பள்ளிகள் தமிழ்நாட்டில். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும்தான் வருகிறது. வானத்திலிருந்து வரவில்லை. இந்த ஏழில் பறை இல்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதி நேர வகுப்புகளைத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனாலும் ஏழு பாடம் முழு நேரம், எங்கள் பாடம் பகுதி நேரம். உள்ளே வரலாம், திண்ணை வரைக்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அரசு கொடுக்கும் இந்த வகைப் பணத்துக்குத் தமிழில் மானியம் என்று பெயர். உர மானியம், டீசல் மானியம். ஆனால் எங்கள் அப்பத்தா வாயில் மானியம் என்றால் வேறு. வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்று ஊர்க்கோடியில் ஒரு துண்டு நிலம். சாவு சொல்லப் போக வேண்டும், குழி வெட்ட வேண்டும், தப்படிக்க வேண்டும், செத்த மாட்டை இழுக்க வேண்டும். அதற்காக அந்த நிலம். வேலையை விட்டால் நிலமும் போச்சு. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். களத்துமேட்டில் அளந்து போடுகிற நெல்லுக்கு இன்னொரு பெயர் இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும்: சுதந்திரம். "களத்துல சுதந்திரம் வாங்கியாச்சா?" என்று அப்பத்தா கேட்கும். பொலி அளந்து, நல்லதை எல்லாரும் அள்ளிய பிறகு, கூட்டிக் கிடக்கிற கருக்காயோடு கொடுக்கிற பங்குதான் எங்கள் சுதந்திரம்.

மானியம் என்ற சொல் மானத்தோடு ஒரே வேரில் பிறந்தது. மதிப்பாகக் கொடுப்பது என்று பொருள். கோயிலுக்கும் பிராமணனுக்கும் கொடுத்தபோது அந்தப் பொருள் இருந்தது. எங்களுக்குக் கொடுத்தபோது மானத்தை வாங்கிக்கொண்டு மானியத்தைக் கொடுத்தார்கள்.

இந்தக் கயிற்றை முதலில் அடையாளம் கண்டவர் அம்பேத்கர். மராட்டியத்தில் மகார்களுக்கு வதன் நிலம் இருந்தது. ஊருக்கும் சர்க்காருக்கும் இருபத்துநாலு மணி நேரமும் ஏவல் செய்ய வேண்டும், அதற்குக் கூலியாக அந்தத் துண்டு நிலமும் ஊரார் போடும் தானியமும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இதை மாற்ற அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் மக்களிலேயே பலர் பயந்தார்கள். இருக்கிற துண்டு நிலமும் போய்விடுமே என்று. மசோதா அப்போது நிறைவேறவில்லை. அவர் இறந்த பிறகு 1958இல்தான் சட்டம் வந்தது. சலுகை மாதிரித் தெரிவது விலங்காகவும் இருக்கலாம் என்பது அம்பேத்கரின் பாடம். நிலத்தை விடு என்று அவர் சொல்லவில்லை. நிலத்தை வேலையிலிருந்து அவிழ்த்துவிடு என்றார். நில வரியை எல்லாக் குடியானவனையும் போல் கட்டுகிறோம், பரம்பரை வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள் என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. கணக்குப் பிள்ளை மகன் கணக்குப் பிள்ளை என்ற வழக்கம் போனது. தப்படிப்பவன் மகன் தப்படிக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்து எந்த ஆணையும் வரவில்லை. அது பதவியாக எழுதப்பட்டிருந்தால்தானே ஒழிப்பதற்கு!

எங்கள் வீட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது. சின்னய்யா மகன் ஐடிஐ முடித்து வெல்டராக இருக்கிறான். அவனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சாவுக்கு அப்பனோடு போனவனைக் கூடப் படிக்கிற பயல்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் பெஞ்சில் தாளம் தட்டினார்கள். "அக்கா, நீங்க மேடையில பறை விடுதலைக் கருவின்னு பேசுறீங்க. எனக்கு அது பெஞ்சு சத்தம்" என்றான். அவன் தங்கச்சி கல்லூரியில் படிக்கிறாள். அவள் தோழர்களோடு சேர்ந்து பறை கற்றுக்கொள்கிறாள். எங்கள் வழக்கத்தில் பொம்பளை தப்பைத் தொடக் கூடாது. அவள் அப்பனிடமே வந்து, "அடிக்குச்சிய எப்படிப்பா பிடிக்கணும்?" என்று கேட்டபோது அந்த மனுஷன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சிம்புக்குச்சியை இடக்கையில் கொடுத்து, ஒத்தையடியிலிருந்து சொல்லிக் கொடுத்தார்.

நம் இயக்கத்திலும் இந்த இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல். இளையபெருமாள் தென்னார்க்காட்டில் பறையடிக்க மாட்டோம் என்று போராட்டம் நடத்தினார். மதுரை இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் 1990களில் தலித் கலைவிழா நடத்திப் பறையை நடு மேடையில் ஏற்றியது. ஒரு பக்கம் போட்டு உடை என்றார்கள், இன்னொரு பக்கம் எடுத்து அடி என்றார்கள். முப்பது வருஷமாக எது சரி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: அண்ணனும் தங்கச்சியும் கேட்பது ஒரே பொருள். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற ஊரில்தான் அடிக்கிறேன் என்பதற்கு மதிப்பு. தங்கச்சி தானாகப் போய்க் கற்றுக்கொண்டாள், அதனால் அவள் கையில் அது கலை. அண்ணனை இழுத்துக்கொண்டு போனார்கள், அதனால் அவனுக்கு அது அடிமை வேலை. தோல் ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான், அடியும் ஒன்றுதான்.

ஆகவே பொதுப் பணத்துக்கு நான் வைக்கிற உரைகல்லும் அதுதான். மறுக்கிற உரிமையை உறுதி செய்யாமல் அடிப்பதற்கு மட்டும் கொடுக்கிற பணம் பழைய மானியத்தின் புது ரசீது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது நம் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் பத்மஸ்ரீ வந்த வருஷத்திலும் ஊர்ச் சாவுக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவது நிற்கவில்லை. மேடைக்குப் போகிற கௌரவம் தெருவுக்கு இறங்கி வருவதில்லை. தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியில் தேர் வடத்தைத் தொட நம் மக்கள் எத்தனை வருஷம் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தார்கள்! 2006க்குப் பிறகு நின்றுபோன தேர் 2024 ஜூனில்தான், அதுவும் உயர்நீதிமன்றம் சொல்லி, போலீஸ் காவலோடு ஓடியது. எத்தனையோ ஊரில் சாமிக்கு முன்னால் நம் சத்தம் போகலாம், நம் கை வடத்தில் படக் கூடாது. சத்தத்துக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு. கலையை மட்டும் எடுத்துக்கொண்டு கலைஞனை வெளியே நிறுத்துகிற இந்த வித்தையை அரசாங்க விழாவும் செய்யக் கூடாது. ஒரு விழாவில் சின்னய்யாவும் ஆட்களும் காலை எட்டு மணியிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் அடித்து வரவேற்றார்கள். நிகழ்ச்சி உள்ளே நடந்தது. இவர்கள் உள்ளே போகவேயில்லை.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: "அரசுக் காசே வேண்டாம். காசு வாங்கினால் வாய் அடைத்துப்போகும்." பயம் நியாயம்தான். ஆனால் நம் பங்கை நாமே விட்டுக்கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வராது, இன்னொரு மண்டபமாக எழும்பி நிற்கும். அமெரிக்காவில் 1930களின் பஞ்சத்தில் வேலை இழந்த எழுத்தாளர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வேலை தந்தது. விருதும் சால்வையும் இல்லை, வாரச் சம்பளம். அந்தத் திட்டத்தில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து உயிரோடிருந்த 2,300 பேருக்கு மேல் சொன்ன வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அதனால் பெரியவர்கள் பலர் அளந்து அளந்துதான் பேசினார்கள் என்ற குறையும் உண்டு. இருந்தும் இன்றைக்கு அந்தச் சாட்சியம்தான் எஜமானர்களின் கதைக்கு எதிராக நிற்கிறது. இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. பணம் சம்பளமாக வர வேண்டும். கேட்பவனும் எழுதுபவனும் நம்மவனாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் யார் எழுதினார்கள்? செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்ந்தன. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று வழிகாட்டிகள் விளக்குகிறார்கள். அந்தச் சுண்ணாம்பை அரைத்தவர், ஊருணி மண்ணை வெட்டிச் சுமந்தவர் பேரன் பேத்திகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிற நம் பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் அதுவும் பண்பாட்டுச் செலவுதான். நமக்குப் பறை மட்டும்தான் பண்பாடு என்று யார் சொன்னது? பத்திரிகை நடத்த, நாடகம் போட, சேரியில் ஒரு நூலகம் வைக்க நாம் கேட்டால், "தப்பாட்டம் இருந்தா சொல்லுங்க" என்பதும் ஒரு வகையில் "காய்ச்சிக்கிட்டு வந்துரு" என்பதுதான்.

என் கோரிக்கைகள் சிறியவை. இசைப்பள்ளியில் பறையை எட்டாவது முழு நேரப் பாடமாக வையுங்கள். சின்னய்யா மாதிரி ஆட்களுக்கு ஆசிரியர் சம்பளம் கொடுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கட்டும். படித்து முடித்த மேலத்தெருப் பையன் ஒருவன் எங்கள் தெருச் சாவுக்கு வந்து பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு நடக்கட்டும். அன்றைக்குப் பறை தமிழர் கலை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அதுவரைக்கும் அது எங்கள் மேல் சுமத்தியது, நாங்கள் கலையாக்கியது.

இன்னொன்று, இதற்குக் கோடி வேண்டாம். தீண்டாமையின் பேரில் தோட்டி வேலை, செத்த மாட்டை அகற்றுவது போன்ற வேலைகளுக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் குற்றம் என்று குடிமையியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதுபோன்ற பிற வேலைகளும் அதில் அடங்கும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெட்டி வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கிறது. அது சின்னய்யா பெட்டிக்குள் இல்லை. வாரியம் கொடுக்கிற அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் ஒரு வரி அச்சடிக்கட்டும்: இந்த அட்டை வைத்திருப்பவர் எந்த நிகழ்ச்சிக்கும் வர மறுக்கலாம், அவரைக் கட்டாயப்படுத்துவது சட்டப்படி குற்றம்.

இதைச் சின்னய்யாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி" என்றார். "ஆனா வர்றவனுக்கு வாசிக்கத் தெரியும்ல. பெரிய எழுத்தா போடச் சொல்லு."